முதுகுக்குப் பின்னால் நடந்த ஆட்டம்

மைதானக் காவலர்களான எங்களை இனிமேல் ஸ்டூவர்ட் என்று அழைக்கக் கூடாதாம். "விருந்தோம்பல் தோழர்" என்று அழைக்க வேண்டுமாம். போன மாதம் ரமணி தொலைபேசியில் இதைச் சொன்னபோது எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது. கால்பந்து மைதானத்தில் ஆயிரக்கணக்கான சனம் ஒரே வாசலை நோக்கி நெருக்கிக்கொண்டு வரும்போது நடுவில் நின்று மறிக்கிறவன் தோழனா? விருந்தா நடக்கிறது அங்கே? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் ரமணி விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணை, புதுசாச் சேர்ந்த பிள்ளையளுக்கு ட்ரெய்னிங் நடக்குது. நீங்கள் வந்து ஒரு பத்து நிமிசம் கதைக்கவேணும். மனேச்சர் உங்களைத்தான் கேக்கச் சொன்னவா.”

“என்னத்தைப் பற்றி?”

“சனத்தைச் சிரிச்ச முகத்தோடை வரவேற்கிறது எப்பிடியெண்டு.”

“நான் சிரிச்சு நீர் எப்பவாவது கண்டனீரோ?”

“இல்லை அண்ணை. அதுதான் உங்களைக் கூப்பிடுறன்.”

ஒருகாலத்தில் நான் பார்த்த மேற்பார்வையாளர் வேலையை இன்று பார்ப்பவள் ரமணி. மைதானத்து வேலையே அவள் கையை விட்டுப் போகவிருந்த ஒரு காலம் உண்டு. வேலை மட்டுமல்ல, பெயரும் சேர்ந்து போகவிருந்தது. அதைச் சொல்லாமல் புன்னகை பற்றிப் பேச எனக்கு வாய் வராது. பத்து நிமிடத்தில் அடங்காத கதை என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் லண்டனுக்கு வந்தது அகதியாக. குட்மேய்ஸில் ஓர் அறை, கிழமை நாட்களில் பெற்றோல் விற்கும் செட்டில் வேலை. சனிக்கிழமை சும்மா கிடக்கிறதே என்று கூட இருந்த நண்பர் ஒருவர் சொன்னார்: “பந்தடி மைதானத்திலை ஆள் எடுக்கிறாங்கள். ஜாக்கெட் தருவாங்கள், தேத்தண்ணி தருவாங்கள், மட்ச்சும் பாக்கலாம்.” முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பச்சைப் பொய். ஒரு வகுப்புக்குப் போனேன், ஒரு பரீட்சை எழுதினேன், செம்மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் அதே மைதானம்; கிழக்கு ஸ்டாண்ட் என்கிற பார்வையாளர் பகுதிக்கு மேற்பார்வையாளராகவும் ஆனேன். கழகத்தின் பெயர் வேண்டாம். லண்டனில் கால்பந்துக் கழகங்களுக்குப் பஞ்சமில்லை. எங்களுடையது இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் ஆடுவது, முதல் பிரிவைக் கனவில் காண்பது, மூன்றாம் பிரிவை நினைத்து நடுங்குவது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

மட்ச் பார்க்கலாம் என்பது ஏன் பொய் என்றால், ஸ்டூவர்ட் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்து நிற்கவேண்டும். யார் மயங்குகிறார், யார் வேலிக்கு மேலால் பாயப் பார்க்கிறார், எந்தப் படிக்கட்டில் நெரிசல் கூடுகிறது, இதுதான் பார்வை. கோல் விழுந்த சத்தத்தில் திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். இருபது வருடத்தில் என் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ கோல்கள் விழுந்தன. நேரே கண்டது ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டம் எப்படிப் போகிறது என்று ஒருபோதும் தெரியாமல் இருந்ததில்லை. முகங்கள் சொல்லிவிடும்.

எனக்கு அதிகம் சொன்ன முகம் டோரீனுடையது. எழுபதை நெருங்கிய ஆங்கிலேய அம்மா. கிழக்கு ஸ்டாண்டில் நான் நிற்கும் இடத்துக்கு நேரே, படிக்கட்டை ஒட்டிய ஓர இருக்கை அவருடையது. முன்பு கணவரோடு வருவார், அவர் இறந்தபின் தனியாக வந்தார். எதிரணி பந்தோடு வந்தால் மடியிலுள்ள கைப்பையை இறுக்குவார். எங்கள் அணி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார், பார்க்கப் பயம். தோற்ற நாளில் என்னைக் கடந்து போகும்போது, “நீ பார்க்காமல் விட்டதே நல்லது, பரம்” என்பார். இருபது வருடத்தில் என் பெயரைக் கேட்டு, அதைச் சரியாக உச்சரிக்கப் பழகிய மிகச் சில ரசிகர்களில் அவர் ஒருவர். முழங்கால் வருத்தம் இருந்ததால் ஆட்டம் முடியப் பத்து நிமிடத்துக்கு முன்பே எழும்பி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போவார்.

இனி எங்கள் பெரியவரைப் பற்றி. மைதானத்தின் பாதுகாப்பு அதிகாரி, முன்னாள் பொலிஸ்காரர், பெயர் வெல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. ஆட்டம் தொடங்க இரண்டு மணித்தியாலத்துக்கு முன் நாங்கள் வரிசையாக நிற்போம். அவர் ஒவ்வொருவரின் ஜாக்கெட் சிப்பையும் கண்ணால் பார்த்துக்கொண்டே நடப்பார். எங்கள் எல்லோருடைய பெயரும் தெரியும். பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியும். “உன் மகளுடைய பரீட்சை எப்படிப் போனது?” என்று கேட்டுவிட்டு ஒரு மின்ட் இனிப்பை நீட்டுவார். எங்கள் தமிழ் ஆட்கள் அதிலேயே உருகிவிடுவார்கள். நானும் உருகியவன்தான். பெற்றோல் செட்டில் என்னை "ஏய்" என்று கூப்பிட்டவர்களோடு காலம் தள்ளியவனுக்கு இது பெரிய மரியாதை.

ஆனால் அந்த மனிதர் கட்டளையே இடமாட்டார். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. ரேடியோவில் கட்டளை கொடுக்க ஒரு முறை இருக்கிறது. யார் பேசுகிறார், யாரோடு பேசுகிறார், என்ன செய்யவேண்டும். கேட்டவர் அதையே திருப்பிச் சொல்லவேண்டும். “கட்டுப்பாட்டு அறையிலிருந்து பரமுக்கு, மூன்றாம் கதவைத் திறக்கவும்.” “பரம், மூன்றாம் கதவைத் திறக்கிறேன்.” இப்படிச் செய்தால் பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது. எங்களுக்கு இதை மனப்பாடமாகச் சொல்லித் தந்தவர் வெல்லர்தான். அவர் மட்டும் அப்படிப் பேசமாட்டார். “பரம், அந்த மூன்றாம் கதவு திறந்திருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்குமோ?” என்பார். நாங்கள் ஓடிப்போய்த் திறப்போம். நல்லதாக முடிந்தால் அவருடைய நிர்வாகத் திறமை. பிழையாகிப் போனால், அவர் கேட்டது வெறும் கேள்வி, திறந்தது நாங்கள். சின்னச் சின்ன விஷயங்களில் இது நடந்தபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆங்கிலேயரின் பண்பு என்று சிலர் வியந்தார்கள். பண்பாம் பண்பு! பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் அடிக்கிற வித்தை அது.

நான் சொல்ல வந்த அந்தப் போட்டிப் பருவத்தில் எங்கள் அணி ஆடியது ஆட்டமே இல்லை. ஒரு சனிக்கிழமை புள்ளிப் பட்டியலில் முதலாவதாக நின்ற அணியை மூன்று கோலால் அடிக்கும். சனம் பாடிக்கொண்டு போகும், முதல் பிரிவுக்கு ஏறிவிட்டோம் என்று கனவு காணும். அடுத்த சனிக்கிழமை கடைசியில் கிடக்கிற அணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். சாண் ஏற முழம் சறுக்கினது. பயிற்சியாளரைத் துரத்தினார்கள். அவருக்குக் கீழே இருந்தவரைத் தற்காலிகமாக வைத்தார்கள். அவர் இரண்டு ஆட்டம் வென்றார். நிரந்தரமாக்கிய மறுவாரமே தோற்கத் தொடங்கினார். தொடர்ந்து தோற்கிற அணியின் சனத்தைச் சமாளிக்கலாம், அது பழகிவிடும், பகிடி விட்டுக்கொண்டு வந்து போகும். எப்போது வெல்லும் எப்போது தோற்கும் என்று தெரியாத அணியின் சனத்துக்குத்தான் விசர் பிடிக்கும். நம்பிக்கையும் விடாது, நம்பவும் முடியாது.

அதனால் ஒரு புதுப் பழக்கம் வந்தது. இரண்டு கோல் பின்னுக்கு நின்றால் சனம் கோபித்துக்கொண்டு எழும்பிவிடும். ஆனால் வீட்டுக்குப் போகாது. படிக்கட்டால் இறங்கி, கீழ்க்கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் பியர்க் கோப்பையோடு நின்று திட்டிக்கொண்டிருக்கும். எங்கள் அணி ஒரு கோல் போட்டுவிட்டால் திரும்ப மேலே ஓடப் பார்க்கும்.

இது ஆபத்து. கிழக்கு ஸ்டாண்டின் பி படிக்கட்டு ஒடுக்கமானது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அது ஒருவழிப் பாதை. இறங்கலாம், ஏறக்கூடாது. அதற்காகவே படிக்கட்டின் அடியில் இடுப்பளவு இரும்புக் கதவு ஒன்று உண்டு. இறங்குகிறவர் தள்ளினால் திறக்கும், கீழே நிற்கிறவர் தள்ளினால் திறக்காது, ஸ்டூவர்ட் கொக்கியை எடுத்தால்தான் வழி. அந்தக் கொக்கிக்குப் பொறுப்பு ரமணி. கிழமை நாட்களில் ஒரு பெரிய கடையில் பாதுகாப்பு வேலை பார்த்தாள். இரண்டு இடத்துக்கும் ஒரே பாதுகாப்பு லைசென்ஸ். அது போனால் இரண்டும் போகும். அதை நம்பித்தான் அவளும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்தப் பருவத்தில் ரமணி வாங்கின ஏச்சுக்கு அளவில்லை. மேலே விடவில்லை என்று துப்பினார்கள், நாட்டுக்குப் போ என்றார்கள், கழகத்துக்கு முறைப்பாடு எழுதினார்கள். மேலிடத்துக்கு அடுத்த பருவச் சீட்டு விற்கவேண்டுமே, அவர்களுக்கு ரசிகரின் மனம் நோகக் கூடாது. வெல்லரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவர் விதியை மாற்றவில்லை. விதியை மாற்றினால் கையெழுத்துப் போடவேண்டும். நான் இரண்டு தடவை அவருடைய அறைக்குப் போய்ச் சொன்னேன், ஏறுகிற சனமும் இறங்குகிற சனமும் அந்தப் படிக்கட்டில் முட்டினால் யாராவது செத்துப்போவார்கள் என்று. “மிக முக்கியமான கருத்து, பரம்” என்று மின்ட் இனிப்பைத் தந்தார்.

அன்றைக்கு வந்திருந்தது பட்டியலின் அடியில் கிடந்த அணி. வெல்ல வேண்டிய ஆட்டம், வழக்கம்போல இரண்டு கோல் பின்னுக்கு. கிழக்கு ஸ்டாண்ட் பாதி எழும்பிக் கீழே போய்விட்டது. பிறகு எங்கள் அணி ஒரு கோல் போட்டது. எனக்கு முன்னால் முகங்கள் மலர்ந்தன, கீழே கூடத்தில் இரைச்சல் கிளம்பினது. காதில் ரேடியோ, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெல்லரின் குரல்.

“ரமணி, கீழே எல்லோரும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள் போலத் தெரிகிறது. கதவு திறந்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருக்குமோ?”

நான் உடனே பொத்தானை அமத்தினேன். “பரமிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கும் ரமணிக்கும். பி படிக்கட்டுக் கதவு மூடியே இருக்கவேண்டும். சனம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.”

“நன்றி, பரம். கவனத்தில் எடுத்துக்கொண்டேன்.” பிறகு அதே இதமான குரல். “ரமணி, உனக்கு என்ன தோன்றுகிறது? திறந்தால் உனக்கும் சுலபம்தானே?”

டோரீன் எழும்பிவிட்டார். வழக்கமான நேரம். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, பி படிக்கட்டுக்குள் இறங்கினார். அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிடத்துக்குள் நடந்தது. எனக்கு முன்னாலிருந்த அத்தனை பேரும் ஒரேயடியாகத் துள்ளி எழும்பினார்கள். என் வாழ்நாளில் கேட்ட மிகப் பெரிய சத்தம் அது. ஆட்டம் சமன் என்று நினைத்தார்கள். கீழே நின்ற சனமும் அப்படித்தான் நினைத்தது. ரமணி கொக்கியை எடுத்துவிட்டிருந்த கதவால் அத்தனையும் மேலே பாய்ந்தது. சத்தம் அடங்குமுன்பே முகங்கள் தொங்கின, கைகள் தலைக்குப் போயின. ஆஃப்சைட். கொடி தூக்கிவிட்டார்கள், கோல் கணக்கில் இல்லை. அந்த நேரத்தில் காதில் ரமணி அலறினாள், தமிழில்.

“அண்ணை, ஆள் விழுந்திட்டா! அண்ணை, ஓடி வாங்கோ!”

நான் போனபோது டோரீன் படிக்கட்டின் வளைவில் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. நெற்றியில் இரத்தம். ரமணி அவருக்கு மேலே கையும் காலும் ஊன்றிக் குனிந்து, தன் முதுகால் சனத்தைத் தடுத்துக்கொண்டு நின்றாள். அப்படி அவள் நின்றிருக்காவிட்டால் அன்றைக்கு டோரீன் உயிரோடு வெளியே போயிருக்கமாட்டார். இதை நான் சொல்லவேண்டிய இடமெல்லாம் சொன்னேன். எவரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டோரீனுக்கு இடுப்பு எலும்பும் முழங்காலும் உடைந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். பூக்கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு டோரீன் கேட்ட முதல் கேள்வி, அந்தக் கோல் கணக்கில் வந்ததா என்பது. இல்லை என்றேன். “அதுகூட இல்லையா?” என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழகம் அவருக்கு ஆட்டக்காரர் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு சட்டையை அனுப்பியது.

அடுத்தது விசாரணை. யார்மேல் என்று நினைக்கிறீர்கள்? ரமணிமேல். குற்றம் இரண்டு. ஒன்று, மேற்பார்வையாளர் மூடச் சொன்ன கதவைத் தன்னிச்சையாகத் திறந்தாள். இரண்டு, ரேடியோவில் வேற்று மொழி பேசினாள். ஒருவர் உயிருக்குப் போராடும்போது வாயில் வந்த தாய்மொழி குற்றமாம்! அதைவிட என்னை எரித்தது முதலாவது. நான் அவளைக் காப்பாற்றச் சொன்ன சொல்லையே எடுத்துச் சுருக்காக்கி அவளுடைய கழுத்தில் போட்டார்கள். வெல்லர் என்ன சொன்னார்? கேள்விதான் கேட்டேன் என்றார். அதில் பொய்யே இல்லை.

ரமணியைத் தேடி அவளுடைய வீட்டுக்குப் போனேன். பெண்பிள்ளைகள் மேலே படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை.

“நான் திறந்தனான்தான் அண்ணை. இல்லையெண்டு சொல்லேலாது.”

“நான் மூடச் சொன்னது கேட்டதெல்லோ?”

“கேட்டது. ஆனால் அவர் ரெண்டாந்தரமும் கேட்டவர். பெரிய ஆள் ஒராள் ரெண்டுதரம் கேட்ட பிறகு மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சொல்லுவியளோ?”

எங்கள் சனத்தின் வளர்ப்பு அது. பெரியவர் ஒருதரம் கேட்டால் சாட்டுச் சொல்லித் தப்பலாம். இரண்டாந்தரம் கேட்டால் செய்துதான் ஆகவேண்டும், மறுத்தால் அவமரியாதை. இத்தனை வருடமாக எங்கள் பிள்ளைகளின் பெயர்களைப் பாடமாக்கின மனிதர் இதையும் பாடமாக்கியிருந்தார். ஆங்கிலேயத் தொழிலாளி ஒருவனாக இருந்தால், “அது கட்டளையா சார்?” என்று திருப்பிக் கேட்டிருப்பான். எங்களுக்கு அந்த வாய் இல்லை என்று தெரிந்துதான் எங்களிடம் கேள்வியாகக் கேட்டார்.

அந்த ரேடியோ வரிசையில் எங்கள் ஆட்கள் வேறு சிலரும் இருந்தார்கள். வெல்லர் பேசியதை எல்லோரும் கேட்டார்கள். ஒருவராவது வாய் திறக்கவேண்டுமே! குகன் என்று ஒருவன், ஏ படிக்கட்டில் நிற்பவன், ரமணியோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருகிறவன். அவனைச் சாட்சி சொல்லக் கேட்டேன்.

“அண்ணை, அந்தாள் கேள்விதானே கேட்டது? அதைப் பிழையெண்டு எப்பிடிச் சொல்லுறது? எங்களுக்கேன் சோலி?”

“சோலியோ? நாளைக்கு உம்மட படியிலை ஆள் விழுந்தால்?”

“அப்ப பாப்பம் அண்ணை.”

அவனை அடிக்கக் கை ஓங்காமல் விட்டது என் பொறுமையல்ல, என் வயது. ஷிப்ட் குறைந்துவிடும் என்ற பயம். எங்கள் ஊர்ப் பயங்களையெல்லாம் தாண்டிக் கடல் கடந்து வந்து, ஒரு மின்ட் இனிப்புக்காரருக்குப் பயப்படுகிறார்கள்!

விசாரணை நடந்தது மைதானத்தின் விருந்தினர் மண்டபத்தில். ஒருபக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், கீழே பச்சைப் பசேலென்று மைதானம். இத்தனை வருடத்தில் அதை நான் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். கழகத்தின் இயக்குநர் ஒருவர், ஊழியர் பகுதி அம்மா ஒருவர், அவர்களுக்குப் பக்கத்தில் வெல்லர். எதிரே ரமணி, நான், கழகம் அழைத்த சாட்சியாகக் குகன். சாட்சிகளைத் தனித்தனியே கூப்பிடவேண்டும் என்ற அடிப்படை முறைகூட இல்லை. குகனைக் கேட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி கேள்வி கேட்டதைத் தான் கேட்டதாகவும், கட்டளை எதுவும் காதில் விழவில்லை என்றும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ரமணியின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

பிறகு வெல்லர் பேசினார். எவ்வளவு வருத்தம், எவ்வளவு அனுதாபம்! ரமணி நல்ல ஊழியராம், ஆனால் நெருக்கடியில் தீர்மானம் எடுக்கும் தகுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லையாம். அவளுடைய லைசென்ஸ் பற்றி உரிய இடத்துக்கு அறிவிப்பது கழகத்தின் கடமையாம். திறந்திருந்த ஒரு ஜன்னலால் கீழே புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அவருடைய இதமான குரல் அதில் அமிழ்ந்தது. அவர் நிறுத்தி, சற்றுச் சிரித்து, குகனைப் பார்த்தார்.

“குகன், அந்த ஜன்னல் மூடியிருந்தால் நமக்கெல்லாம் வசதியாக இருக்குமோ?”

குகன் எழும்பிவிட்டான். கதிரை பின்னுக்கு நகர்ந்த சத்தம் கேட்குமுன்பே ஜன்னலடிக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்துவிட்டான். எனக்குள் இருபது வருடக் கோபம் ஒன்றாகக் கிளம்பினது.

“குகன், அப்படியே நில்லும்!” என்றேன் தமிழில். வேற்று மொழி பேசிய குற்றத்தை என்மேலும் எழுதட்டும். பிறகு எல்லோருக்கும் விளங்க ஆங்கிலத்தில் கேட்டேன். “இப்போது ஏன் எழும்பினீர்?”

அவன் முழித்தான். “ஜன்னலை மூட.”

“ஏன் மூடவேண்டும்?”

“மிஸ்டர் வெல்லர் மூடச் சொன்னார்.”

அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. அவனுடைய கை இன்னும் கைப்பிடியிலேயே இருந்தது. புல் வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. ஊழியர் பகுதி அம்மா வெல்லரைப் பார்த்தார். இயக்குநர் மேசையைப் பார்த்தார். வெல்லரின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் காது மடல்கள் சிவந்துவிட்டன. முகம் படிக்கிற தொழில் செய்தவன் நான், என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

“அவர் சொல்லவில்லையே, கேள்விதானே கேட்டார்?” என்றேன். “இருபது வருடமாக இப்படித்தான் கேட்கிறார். நாங்கள் எழும்புகிறோம். ரமணியும் எழும்பினாள். அது அவளுடைய குற்றமென்றால், இதோ நிற்கிற இவனையும் வேலையை விட்டு நிறுத்துங்கள். ஜன்னலைத் தன்னிச்சையாக மூடப் போனான்.”

குகன் திரும்பி, யாரும் கேட்காமலே சொன்னான். “சேர், அண்டைக்கும் அவர் ரெண்டுதரம் கேட்டவர். நாங்கள் எல்லாரும் ரேடியோவிலை கேட்டனாங்கள்.” பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். அவன்மேல் இருந்த கோபம் எனக்கு அதோடு பாதி ஆறியது. மீதி இன்னும் ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து ரமணிக்குத் தொலைபேசி வந்தது. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, வேலைக்கு வரலாம். மன்னிப்பு ஒரு வார்த்தை இல்லை. லைசென்ஸ் தப்பியது, அவ்வளவுதான்.

நியாயம் வென்றது என்று யாரும் கைதட்ட வேண்டாம். பருவம் முடிய எங்கள் அணி பட்டியலின் நடுவில் வந்து நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இத்தனை கூத்தும் அதற்குத்தான். கடைசி ஆட்டத்தன்று வெல்லர் ஓய்வு பெற்றார். அவரை மைதானத்தின் நடுவுக்கு அழைத்துப் போனார்கள், சனம் எழும்பி நின்று கைதட்டியது. நான் அப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். எனக்கு நேரே டோரீனின் இருக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் அதன்பின் மைதானத்துக்கு வரவேயில்லை. படி ஏற முடியாது. அடுத்த பருவத்தில் மேற்பார்வையாளர் பதவிகளை "மறுசீரமைத்து" என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். மழையில் கார்களுக்குக் கை காட்டிவிட்டு ஓய்வு பெற்றேன். எனக்குக் கைதட்டக் கார்களுக்குக் கை இல்லை.

போன சனிக்கிழமை அந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். புது ஜாக்கெட் போட்ட இளம் பிள்ளைகள் ஒரு மண்டபம் நிறைய. முக்கால்வாசி எங்கள் ஆட்களின் முகம், மற்றவர்கள் சோமாலியா, நைஜீரியா, ருமேனியா. எல்லோரும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. புன்னகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பி படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். மேலே இருப்பவர் கேள்வி கேட்டால், “இது கட்டளையா?” என்று திருப்பிக் கேளுங்கள், பதிலை ரேடியோவில் அவர் வாயால் சொல்லவையுங்கள் என்றேன். எத்தனை தரம் கேட்டாலும் அதையே கேளுங்கள் என்றேன். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, “அது மரியாதையில்லாமல் இருக்காதா, அங்கிள்?” என்று கேட்டாள். “இருக்கும், பிள்ளை. இருக்கட்டும்” என்றேன்.

கதையில் டோரீன் விழுந்த இடத்துக்கு நான் வந்தபோது மண்டபக் கதவு திறந்தது. புதிய மனேச்சர், நல்ல சிரிப்பு, கையில் கோப்பிக் கோப்பை. மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பரம், அருமையாகப் போகிறது. நாம் இத்தோடு முடித்துக்கொண்டால் எல்லோருக்கும் வசதியாக இருக்குமோ?”

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. வாசலில் நின்ற ரமணியும் பார்த்தாள்.

“இல்லை” என்றேன்.

ரமணி கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.